வானவில்லில் இல்லாத வாடாமல்லி

அம்மாவின் வாடாமல்லிப் பட்டுச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருந்தோம். கடைக்குள் முந்தானைமேல் துணியை வைத்துப் பார்த்தால் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் விரித்தபோது சேலை வாடாமல்லியாகவே இருக்க, துணி மட்டும் சிவப்பேறித் தெரிந்தது. "வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கணும்" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னதற்குள் ஒளியியலே இருக்கிறது.

துணிக்குச் சொந்தமாக ஒளி கிடையாது. விளக்கோ வெயிலோ கொடுக்கும் ஒளியில் ஒரு பகுதியைச் சாயம் விழுங்கிவிடுகிறது. மிச்சம் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அந்த மிச்சத்தைத்தான் நிறமாகப் பார்க்கிறோம். வாடாமல்லிப் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பீட்டாசயனின் வகை நிறமி. பீட்ரூட்டுக்கு நிறம் தருவதும் இதே குடும்பம்தான். ஒளி ஒரு அலை, அந்த அலையின் நீளத்தை நானோமீட்டரில் அளக்கிறார்கள். 540 நானோமீட்டர் அக்கம்பக்கத்தில் உள்ள பச்சை ஒளியை அது ஆசையாக விழுங்கும். சிவப்பும் நீலமும் பெரும்பாலும் தப்பி வெளியே வந்துவிடும்.

அப்புறம் நடப்பதுதான் அழகு. நம் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. சிவப்புப் பக்கமுள்ள நீண்ட அலைகளுக்கு ஒன்று, பச்சைப் பக்கமுள்ள நடுத்தர அலைகளுக்கு ஒன்று, நீலப் பக்கமுள்ள குறுகிய அலைகளுக்கு ஒன்று. வாடாமல்லியைப் பார்க்கும்போது முதலும் மூன்றாவதும் விழித்துக்கொள்ள, நடுவில் உள்ளது ஓரளவு அடங்கிக் கிடக்கிறது. எந்த ஒற்றை அலைநீளத்தாலும் இப்படிச் செய்ய முடியாது. வானவில்லில் ஒவ்வொரு அலைநீளமும் தனித்தனியாக வரிசையில் நிற்கிறது. சிவப்பு ஒரு கோடியில், நீலமும் ஊதாவும் மறு கோடியில். அதனால் வானம் முழுக்கத் தேடினாலும் வாடாமல்லி அங்கே கிடைக்காது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டமாக வரைந்து, சிவப்பையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வானவில்லின் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும் அந்த இடத்தில்தான் நம் வாடாமல்லி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்: தினமும் பூமாலையில் கோத்துப் பார்க்கும் நிறம், மூளை கூட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அடர்ந்த பச்சைக் கண்ணாடித்தாள் ஒன்றை இரண்டாக மடித்து, அதன் வழியே வாடாமல்லிச் செடியைப் பாருங்கள். இலை பளிச்சென்று இருக்கும், பூ கறுத்துப்போகும். தாள் பச்சையை மட்டுமே விடுகிறது, பூவிடம் கொடுக்கப் பச்சை இல்லை. நிறமி செய்வதும் வடிகட்டி செய்வதும் ஒரே வேலைதான், அதாவது கழித்தல். பிரிண்டரில் மஜெந்தா என்று ஊற்றும் மையும் இந்தப் பூவின் வேலையையே செய்கிறது. தாளிலிருந்து வரும் பச்சையைக் குறைக்கிறது.

செல்போன் திரை மட்டும் எதிர்த் திசையில் போகிறது. அது கழிப்பதில்லை, கூட்டுகிறது. வாடாமல்லிப் படத்தைத் திறந்து திரைமேல் கடுகளவு நீர்த்துளி ஒன்றை வையுங்கள். துளி லென்ஸாகிவிடும். சிவப்பு, நீலப் புள்ளிகள் எரிய, பச்சைப் புள்ளிகள் மங்கியிருப்பது தெரியும்.

சரி, ரவிக்கைத் துணிக்கு என்ன ஆயிற்று? சேலைக்கு ஒரு சாயம், துணிக்கு வேறொரு சாயம். இரண்டும் விழுங்கும் அலைகள் வேறு வேறு. கடையில் இருந்தது வெள்ளை எல்இடி. அதற்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லும், அந்த நீலத்தில் கொஞ்சத்தை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூச்சும்தான். மலிவான விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அந்த வெளிச்சத்தில் இரண்டு துணிகளும் மூன்று கூம்புகளுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்திருக்கின்றன. வெயிலில் ஆழ்ந்த சிவப்பு தாராளம். சேலையின் சாயம் அதை விழுங்கியிருக்க வேண்டும். துணியின் சாயம் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இப்படி ஒரு விளக்கில் பொருந்தி மறு விளக்கில் பிரிவதை மெட்டாமெரிசம் என்கிறார்கள்.

மறுவாரம் அதே சேலையோடு வேறு கடைக்குப் போனோம். நாலு துணிகளை எடுத்துக்கொண்டு அம்மா நேரே தெருவாசலுக்கு நடந்தார். மூன்றாவது துணி பொருந்தியது.