ரெகார்டில் ஓடும் புரோகிராம் மாணவரின் மனதில் ஓடுகிறதா?

செய்முறைத் தேர்வுக்கு வெளித் தேர்வாளராகப் போகும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவர் புரோகிராமை அடித்து, ஓடவிட்டு, சரியான அவுட்புட்டோடு என்னைக் கூப்பிட்டதும் நான் திரையைப் பார்ப்பதில்லை. விடைத்தாளின் ஓரத்தில் 7, 3, 9, 1 என்று நான்கு எண்களை எழுதி, "உள் லூப் முதல் சுத்து முடிஞ்சதும் இந்த நாலும் எந்த வரிசையில இருக்கும்மா?" என்று கேட்பேன். லூப் என்பது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி.

ஒரு மாணவிக்கு பப்பிள் சார்ட் வந்திருந்தது. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு, பெரியதைப் பின்னால் தள்ளித் தள்ளி வரிசைப்படுத்தும் முறை அது. ஓர் அரைப்புள்ளிகூடத் தவறாமல் பத்து நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டார். என் கேள்விக்கு நெடுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "1, 3, 7, 9 மேம்" என்றார். அது கடைசியில் வரும் விடை. முதல் சுற்றில் 3, 7, 1, 9 என்றுதான் இருக்கும். மறுபடி கேட்டபோது கண் கலங்கிவிட்டது. "இப்படி யாருமே கேட்டதில்ல மேம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தப் பிள்ளையின் ரெகார்டு நோட்டைப் புரட்டினேன். நோக்கம், ஆல்காரிதம், புரோகிராம், அவுட்புட், கடைசியில் "புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது" என்ற பொருளில் எல்லா ரெகார்டிலும் இருக்கும் அதே ஆங்கில வரி. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தார். ஒரு செமஸ்டர் முழுக்க எழுதியிருக்கிறார். ஆனால் கணினி அந்த வரிகளை வைத்துக்கொண்டு உள்ளே என்ன செய்கிறது என்று அவரை ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. 14 ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு புரோகிராமிங் எடுக்கும் நானும் என் ஆரம்ப வருடங்களில் கேட்டதில்லை.

உயர்கல்வியில் கணினி கற்பித்தலை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது என்பது நம் ஆசிரியர்களில் பலருக்கே தெரியாது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகளாக அந்த ஆய்வு நடந்துவருகிறது. அதில் என்னை உலுக்கியது 2001ஆம் ஆண்டு ஆய்வு. மைக்கேல் மெக்ராக்கன் தலைமையிலான குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் புரோகிராமிங் முதல் பாடத்தை முடித்த 216 மாணவர்களுக்கு எளிய கால்குலேட்டர் வகைக் கணக்குகளைக் கொடுத்து புரோகிராம் எழுதச் சொன்னது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89. பாடம் நடத்திய ஆசிரியர்களே அதிர்ந்துபோனார்கள்.

பிரச்சினையைக் கூறுகூறாகப் பிரித்து யோசிக்கும் திறன் மாணவர்களிடம் இல்லை என்றுதான் அப்போது காரணம் சொன்னார்கள். நம் ஊர் ஆசிரியர் அறையிலும் இதையே கேட்கலாம், "லாஜிக்கே வரமாட்டேங்குது சார்" என்று. ஆனால் ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் லிஸ்டரும் அவரோடு ஏழு நாடுகளிலிருந்து சேர்ந்தவர்களும் 2004இல் வேறு கேள்வி கேட்டார்கள். எழுதுவது இருக்கட்டும், எழுதியதை இவர்களால் படிக்க முடிகிறதா? சின்னச் சின்ன கோட் துண்டுகளைக் கொடுத்து, ஓடி முடித்தபின் வேரியபிளில் (ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்திருக்கும் இடத்தில்) என்ன இருக்கும் என்று சொல்லச் சொன்னார்கள். யோசித்து உருவாக்க வேண்டியது எதுவும் கிடையாது, வரிவரியாகப் பின்தொடர்ந்தால் போதும். அதிலேயே பலர் தடுமாறினார்கள். ஆக, சிக்கல் லாஜிக்குக்கு முந்தைய படியிலேயே இருக்கிறது.

அந்த ஆய்வில் மாணவர்கள் தாளில் கிறுக்கியதையும் சேகரித்தார்கள். வேரியபிள்களின் மதிப்பு மாற மாற எழுதிக்கொண்டே போனவர்களுக்கு விடை பெரும்பாலும் சரியாக வந்தது. தாளை வெறுமையாக விட்டு மனதிலேயே ஓட்டிப் பார்த்தவர்கள் அதிகம் தவறினார்கள். இதைப் படித்த மறுவாரமே, என் வகுப்பில் ரஃப் ஒர்க் செய்வதற்கென்று தாளின் பாதியை ஒதுக்கச் சொன்னேன். அதுவரை கிறுக்கல் இல்லாத சுத்தமான தாளைப் பாராட்டி வந்தவள் நான்.

மாணவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிய ஒரு சின்னச் சோதனை போதும். a என்பதில் 10, b என்பதில் 20. அடுத்த வரி a = b. இப்போது a எவ்வளவு, b எவ்வளவு? b-யின் மதிப்பு a-வில் நகலாகும், ஆக இரண்டும் 20 என்பதே சரியான விடை. முதல் வாரத்தில் கேட்டுப் பாருங்கள். a 20, b காலி என்பார்கள் சிலர். வேரியபிளைப் பெட்டி என்று நாம்தானே சொன்னோம், ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால் முதல் பெட்டி காலியாகத்தானே வேண்டும்! சிலர் இரண்டும் இடம் மாறும் என்பார்கள். சிலர் a 30 என்று கூட்டிவிடுவார்கள். "10உம் 20உம் எப்படி மேம் சமமாகும், இது தப்பு" என்று பள்ளிக் கணக்கிலிருந்து நியாயம் பேசும் பிள்ளைகளும் உண்டு. எல்லாமே யோசித்துச் சொன்ன விடைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தொட்டுத் திருத்தாமல் அடுத்த யூனிட்டுக்குப் போய்விட்டால், அதன்மேல் லூப், அரே (மதிப்புகளின் வரிசை), பாயின்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) என்று அடுக்கிக்கொண்டே போவோம். பாயின்டரில் வந்து எல்லாம் சரியும்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பெற்றோர் அவசியம் அறிய வேண்டியது அது. இதே கேள்வியை வைத்து இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் 2006இல் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். யாருக்கு புரோகிராமிங் வரும், யாருக்கு வராது என்பதைப் பாடம் தொடங்கும் முன்பே பிரித்துவிடலாம் என்றது அது. உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் போர்னாட்டே அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பப் பெற்ற செய்தி அந்த அளவுக்குப் பரவவில்லை. "சிலருக்குத்தான் கோடிங் ரத்தத்துலயே இருக்கும்" என்ற பேச்சு இன்றும் எங்கள் துறைகளில் உயிரோடிருக்கிறது.

2016இல் எலிசபெத் பட்டிட்சாஸ் குழுவினர் கனடாவில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். வரும், வராது என்று மாணவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தால் மதிப்பெண் வரைபடத்தில் இரண்டு மேடு தெரிய வேண்டும். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் 778 மதிப்பெண் பட்டியல்களை ஆராய்ந்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட மேடு இருப்பதாகச் சோதனையில் தேறியவை 5.8 சதவீதம் மட்டுமே. இன்னொன்றையும் கண்டார்கள். பிறவித் திறமையில் நம்பிக்கையுள்ள ஆசிரியர்களுக்கு, தெளிவில்லாத வரைபடத்திலும் இரண்டு மேடு தெரிந்தது. முதல் இன்டெர்னலில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையை நாம் எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பதை எனக்குச் சுருக்கென்று உணர்த்திய ஆய்வு அது.

முதல் செமஸ்டர் அரியரோடு வரும் மகனையோ மகளையோ "உனக்கு இது வராது, வேற எதாவது பாரு" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 15 நாடுகளின் 161 பாடங்களை வைத்து 2014இல் கணக்கிட்டபோது, புரோகிராமிங் முதல் பாடத்தில் தேறியவர்கள் 67.7 சதவீதம். உலக அளவிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் தடவையில் தேறவில்லை. பல நாட்டுப் பிள்ளைகளும் இடறும் படியில்தான் உங்கள் பிள்ளையும் இடறியிருக்கிறார்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? நான் செய்வதைச் சொல்கிறேன். 60 பேர் வகுப்பு, ஒரு கரும்பலகை, லேப்பில் அவ்வப்போது கரன்ட் போகும், இதற்குள் செய்ய முடிந்தவைதான்.

முதலாவது ட்ரேஸ் அட்டவணை. ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி, மதிப்பு மாறும்போது பழையதை அடித்துவிட்டுக் கீழே புதியது. ட்ரை ரன் என்று நம் ஆசிரியர்கள் காலங்காலமாகப் பலகையில் போட்டுக் காட்டுவதுதான். ஒரே வித்தியாசம், சாக்பீஸ் மாணவர் கையில் இருக்க வேண்டும். அப்சர்வேஷன் நோட்டில் ஆல்காரிதம் காப்பியடிக்கும் பக்கத்தை நான் இதற்கு மாற்றிவிட்டேன். ஒருவர் அட்டவணையைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாதபடி உள்ளீட்டு எண்கள் ரோல் நம்பரின் கடைசி இலக்கங்கள்.

இரண்டாவது, நம் மொழியில் சொல்லச் சொல்வது. ஐந்து வரி கோடைக் கொடுத்து "இது என்ன வேலை பாக்குது?" என்று கேட்டால், பலர் "i ஜீரோல ஆரம்பிக்குது, n வரைக்கும் போகுது, இஃப் போட்டு..." என்று வரிகளையே திருப்பி ஒப்பிப்பார்கள். "அரேயில பெரிய எண்ணைத் தேடி எடுக்குது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்பவர் அதைப் பார்த்துவிட்டார். இந்தக் கேள்வியில் ஒரு பொறியும் வைப்பேன். பெரிய எண்ணைத் தேடும் அந்தக் கோடில் வேரியபிளுக்கு ஸ்மாலெஸ்ட் என்று பெயர் வைத்துவிடுவேன். பாதி வகுப்பு சிறிய எண் என்று எழுதும். பெயரைப் பார்த்து நம் எண்ணத்தைக் கணினி புரிந்துகொள்ளும் என்ற ஆழமான நம்பிக்கை அது. கணினிக்குள் ஒரு மனம் ஒளிந்திருப்பதாகத் தொடக்கநிலையினர் நினைப்பதை ராய் பீ 1986இலேயே எழுதியிருக்கிறார்.

தமிழில் பேச விட்டால் ஆங்கிலம் வராமல் போய்விடுமே என்று சில சக ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், உண்மை. ஆனால் புரியாத ஒன்றை எந்த மொழியிலும் எழுத முடியாது. ஆங்கிலம் தெரிந்ததாலேயே வரும் குழப்பமும் உண்டு. வைல் லூப்பில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான் நிபந்தனை பார்க்கப்படும். ஆனால் வைல் (while) என்ற சொல்லின் அன்றாடப் பொருளை வைத்து, நிபந்தனை மாறிய அந்தக் கணமே லூப் நின்றுவிடும் என்று ஆங்கிலம் பேசும் மாணவர்களே நினைத்ததை 1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, தாள் துண்டுகள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸும் பாட்ரிசியா ஹேடனும் 2006இல் முன்வைத்தது. சரியான புரோகிராமை வரிவரியாகக் கத்தரித்து, கலைத்து, ஒரு கவரில் போட்டுத் தருவேன். தவறான வரி ஒன்றும் உள்ளே இருக்கும். இரண்டிரண்டு பேராக அடுக்க வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இதில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். "இது லூப்புக்கு உள்ள வந்தா ஒவ்வொரு தடவையும் பூஜ்யமாயிடுமேடா" என்று ஒருவன் நண்பனிடம் வாதாடிய நாளில், அந்த யூனிட்டை நான் மறுபடி நடத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது எல்லார் கைபேசியிலும் கேட்டதும் புரோகிராம் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2022இல் ஆக்லாந்து ஆய்வாளர்கள் முதலாண்டு புரோகிராமிங் தேர்வுக் கேள்விகளைக் கோடெக்ஸ் என்ற கருவியிடம் கொடுத்தார்கள். 71 மாணவர்களோடு வைத்துப் பார்த்தபோது அது 17ஆம் இடத்துக்கு வந்தது. அதன்பின் வந்த கருவிகள் இன்னும் திறமையானவை. சரியான புரோகிராம் கையில் இருப்பது இனி அறிவுக்குச் சாட்சியாகாது. எழுதித் தரப்பட்டது சரியா, எந்த வரியில் சறுக்கும் என்று படித்துச் சொல்பவர்தான் வேலையில் தேவைப்படுவார். பிளேஸ்மென்ட் நேர்காணலிலும் கோடைக் காட்டி அவுட்புட் கேட்கிறார்கள்.

செய்முறைத் தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வைவாவுக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது ட்ரேஸ் கேள்விக்கு மாற்றிக்கொடுங்கள். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைகள் உழைப்பார்கள்.

அந்த மாணவியை அன்று அப்படியே அனுப்பிவிடவில்லை. மற்றவர்களை முடித்துவிட்டு அவரை மறுபடி கூப்பிட்டு, 7க்கும் 3க்கும் கீழே ஒரு கோடு போட்டு, "இந்த ரெண்டையும் மட்டும் பாரு, உன் இஃப் என்ன செய்யும்?" என்றேன். மாற்றி எழுதினார். அடுத்த ஜோடி. அதற்கடுத்தது. 9 கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்து, "அப்போ அடுத்த சுத்துல கடைசி எண்ணைத் தொடவே வேணாம்ல மேம், அதுக்குத்தான் அங்க மைனஸ் i இருக்கா?" என்றார். செமஸ்டர் முழுக்க அவர் கைப்பட எழுதிய வரி அது.