ரூட் கெனால்: கால்வாயா, குழலா?

"பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணணுமாம்" என்று மண்டபம் ஊரில் இருக்கும் அப்பத்தாவிடம் போனில் சொன்னேன். "எந்த வேரு? நாயுருவி வேரா?" என்று கேட்டது. அப்பத்தா மேல் தப்பில்லை, பல் டாக்டர் போர்டில் அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள், படித்தால் வேரை அரைத்துப் பூசும் வைத்தியம் மாதிரிதான் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் ஒரு கோளாறு உண்டு. ரூட் கெனால் என்பது சிகிச்சையின் பெயரே இல்லை, பல்லின் வேருக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் பற்கூழ் என்ற மெத்தென்ற சதையும் இருக்கிற குறுகிய இடத்தின் பெயர். அந்த இடத்தைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் சிகிச்சை. கண்மாயைத் தூர்வாரிவிட்டு "கண்மாய் பண்ணினோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான் "ரூட் கெனால் பண்ணினேன்" என்பதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பல்வேர்க் கால்வாய்' என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் பக்கம் கால்வாய் என்றால் பாம்பன் கால்வாய்தான். பாலம் திறந்ததும் இந்தப் பக்கத்துக் கடலிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் படகு போகும். பல்லுக்குள் இருப்பதோ மயிரிழை அகலம். கெனால் என்ற சொல்லும் லத்தீன் 'கனாலிஸ்' வழியாக 'கன்னா', அதாவது நாணல் என்ற சொல்லில் போய் முடிகிறது. நாணல் உள்ளே பொள்ளல், ஆகவே குழல். வேர்க்குழல் சிகிச்சை என்பதே என் கட்சி.

பல்லின் பெயரிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. கடைவாய்ப்பல்லுக்கு ஆங்கிலத்தில் மோலார், அது வந்தது 'மோலா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து, பொருள் திரிகைக் கல். அவர்கள் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் இடத்தைப் பார்த்துக் கடைவாய்ப்பல் என்றோம்.

என்னுடையது கீழ்வரிசை முதல் கடைவாய்ப்பல். அதற்கு வழக்கமாக இரண்டு வேர், மூன்று குழல். முதலில் பார்த்த இடத்தில் ஒரு குழலைச் சுத்தம் செய்யாமலே மூடிவிட்டார்கள், ஆறு மாதத்தில் ஈறில் கொப்புளம் வந்து சீழ் கசிந்தது. திரும்பத் திறந்து சுத்தம் செய்தும் வேர்நுனிச் சீழ் ஆறவில்லை. பிடுங்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னபிறகு மூன்றாமவர்தான் 'எபிகோயெக்டமி' என்றார். எபெக்ஸ் என்றால் நுனி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. ஈறைக் கீறி, எலும்பில் சின்ன வாசல் போட்டு, வேர்நுனியில் சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு அந்த முனையை அடைக்கிறார்கள். கிருமி ஒளியும் கிளைக்குழல்கள் அந்த நுனியில்தான் அதிகம். இதற்கு 'வேர்நுனி நீக்கம்' போதும். 'பல் அறுவை' என்று எழுதினால் பல்லே போய்விட்டது என்று வீட்டில் அழுவார்கள்.

குழலை அடைக்கும் பொருளுக்கு மட்டும் தமிழ் தேட வேண்டாம். கட்டாபெர்ச்சா. மலாய்ச் சொல், 'கெத்தா' என்றால் மரப்பால். கீழக்கரையில் மலாய் தெரிந்த வீடுகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதே சரக்குதான். என் பல்லுக்குள் போனது, சீவிக் கூராக்கிய தீக்குச்சி மாதிரி ரோஸ் நிறக் குச்சிகள்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் விளக்கினேன். "குழாய் அடைப்பு எடுத்தாங்கன்னு சொல்லேன்டா, முடிஞ்சது" என்றது.