ஆடும் பல் போல ஒரு ஹைட்ரஜன்

"உணவில் கொழுப்பை அறவே நிறுத்திவிட்டால் புற்றுநோய் பட்டினி கிடந்து செத்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சாகாது. வெளியிலிருந்து கொழுப்பு வராவிட்டால் சர்க்கரையிலிருந்து தானே செய்துகொள்ளப் பல புற்றுசெல்களுக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி தொட்ட இடம் சரியான இடம்.

கட்டியில் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே ரகமல்ல. 2003இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கிளார்க்கின் குழு மார்பகப் புற்றுக்கட்டிகளைப் பிரித்துச் சோதித்தது. ஒரு ரகத்தில் 100 செல்களை எலிக்குள் வைத்தாலே புதுக் கட்டி முளைத்தது. மற்ற ரகத்தில் பல்லாயிரம் வைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. அந்த முளைக்கும் ரகம்தான் புற்றுநோய் ஸ்டெம் செல். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் கீமோதெரபிக்கு இவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. கோரையை மேலே அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்ட கதைதான்.

இந்தச் செல்கள் பல, கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கின்றன. அது பள்ளிப் பாடம், விட்டுவிடுவோம். எனக்கு வியப்பூட்டுவது, கொழுப்பால் அவை தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சவ்வு.

சவ்வு நெகிழ்வாக இருக்க, கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு வேண்டும். அந்த இடத்தில் சங்கிலி வளைவதால் நெருக்கி அடுக்க முடியாது. ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு என்றால் பெரிய ஆபத்தில்லை. இரண்டு இருந்து, நடுவில் ஒரு கார்பன் மாட்டிக்கொண்டால்தான் வம்பு. அந்தக் கார்பனின் ஹைட்ரஜன் ஆடும் பல் போலத் தளர்ந்து நிற்கும். இரும்பின் தூண்டுதலில் பிறந்த ஒரு ரேடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு, வந்து அதைப் பிடுங்கும். காலியான இடத்தில் ஆக்ஸிஜன் உட்கார்ந்துகொள்ளும். இப்போது அந்தக் கொழுப்பே ரேடிக்கல். தன் குறையைத் தீர்க்கப் பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அது அடுத்ததைப் பிடுங்கும். கூரைக்குக் கூரை தாவும் தீதான் இது. பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும் இதே வேதியியல்தான். சவ்வு சிதைந்து செல் சாகிறது. 2012இல் பிரென்ட் ஸ்டாக்வெல்லின் குழு இந்தச் சாவுக்கு ஃபெரோப்டோசிஸ் என்று பெயரிட்டது.

புற்றுநோய் ஸ்டெம் செல்களில் இரும்பு அதிகம். அதாவது, அவை தீக்குப் பக்கத்திலேயே குடியிருக்கின்றன. காவலுக்கு ஜிபிஎக்ஸ்-4 என்ற செலினிய நொதி, தீப்பற்றிய கொழுப்பை உடனுக்குடன் அணைக்கிறது. எஸ்சிடி-1 என்ற நொதியோ ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள கொழுப்பை, அதாவது எளிதில் பற்றாத சரக்கை, தயாரித்துத் தருகிறது. சூலகப் புற்றின் ஸ்டெம் செல்களில் எஸ்சிடி-1ஐ முடக்கியபோது அவற்றின் ஸ்டெம் தன்மையே மங்கியது.

2009இல் சுமார் 16,000 வேதிப்பொருள்களைச் சலித்ததில், இந்தச் செல்களைக் கொல்லும் ஒன்று அகப்பட்டது: சாலினோமைசின். கோழித் தீவனத்தில் ஒட்டுண்ணிக்கு எதிராகக் கலக்கும் மருந்து! அது எப்படிக் கொல்கிறது என்பது 2017இல்தான் தெரிந்தது. செல்லின் கழிவைச் சிதைக்கும் லைசோசோம் என்ற பைக்குள் அது இரும்பைப் பூட்டி வைக்கிறது. வெளியே இரும்பு குறைந்துவிட்டது என்று ஏமாறும் செல், தன் சேமிப்பையும் உடைத்து அதே பைக்குள் கொட்டுகிறது. தன் வீட்டுக்குத் தானே விறகு சுமக்கிறது. எது கிடைக்கும் என்று தெரியாமல் சலிக்கும் இத்தகைய வேலைக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

சிக்கலும் இல்லாமலில்லை. ஜிபிஎக்ஸ்-4 நல்ல செல்களுக்கும் காவல்காரன். அந்த மரபணுவை நீக்கிய எலிகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. ஸ்டெம் செல்லின் காவலை மட்டும் விலக்குவதில்தான் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள்.

புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் வைட்டமின் ஈ மாத்திரையை இங்கே நினைத்துப் பாருங்கள். தன் ஹைட்ரஜனைக் கொடுத்து இந்தத் தீயை அணைப்பதே அதன் வேலை. எந்தச் செல்லின் தீ என்று அது பார்ப்பதில்லை. சுமார் 35,000 ஆண்களிடம் நடந்த ஒரு சோதனையில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது. 2011இல் வெளியான முடிவு. அதற்கு இந்த வேதியியல்தான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.