தொடாமல் வாசிக்கும் கருவிக்குள் என்ன நடக்கிறது?

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை நொடிக்கு 440 தடவை முன்னும் பின்னும் அசைத்தால் ஒரு ஸ்வரம் கேட்கும். 880 தடவை அசைத்தால் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். கூம்பை அசைக்கத் தேவையானது அதே வேகத்தில் திசை மாறும் ஒரு மின்னோட்டம்தான். இந்த அளவுக்கு விஷயம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. அதை வாசிப்பவருடைய கை எப்படி ஆள்வது என்பதுதான் தெரியவில்லை. நரம்பை அழுத்தும் விரலும் குழலில் ஊதும் மூச்சும் ஒலிக்குள் நேராக நுழைகின்றன. கம்பிக்குள் ஓடும் மின்சாரத்துக்குள் விரலை விட முடியாது. மின்னணு இசையின் முதல் அறுபது எழுபது ஆண்டு வரலாற்றை இந்த ஒரு சிக்கலை வைத்தே படித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்கு வந்த விடைகளில் மிக அழகானது, தொடாமலே காற்றில் கையை அசைத்து வாசிக்கும் தெரமின்.

தெரமினுக்கு முன்னால் ஒரு ராட்சதக் கருவி இருந்தது. அமெரிக்கரான தாடியஸ் கேஹில் 1897-ல் காப்புரிமை பெற்ற டெல்ஹார்மோனியம் அது. பல் வெட்டிய உலோக உருளைகள் சுழலும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்துக்குரிய மின்னோட்டத்தை உண்டாக்கும், விசைப்பலகையில் கட்டையை அழுத்தினால் அந்த மின்னோட்டம் வெளியே போகும். அதாவது மின் நிலையத்தில் இருக்கும் ஜெனரேட்டரைப் போன்றவற்றையே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வரத்துக்குச் சுருதி சேர்த்தார். 1906-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் நிறுவப்பட்டபோது அதன் எடை சுமார் 200 டன். ஏன் இவ்வளவு எடை? அன்றைக்கு மின் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் நடைமுறையில் இல்லை. கேட்பவர்களின் தொலைபேசியில் வெளிவரும் சத்தத்துக்கான மொத்தச் சக்தியையும் அந்த உருளைகளே தந்தாக வேண்டும். தொலைபேசிக் கம்பிகள் வழியாக உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் இசை அனுப்புவதுதான் தொழில். அவ்வளவு வலுவான மின்னோட்டம் பக்கத்துக் கம்பிகளிலும் கசிந்ததால், யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் இசை புகுந்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் கருத்து வீணாகவில்லை. 1930-களில் வந்த ஹேமண்ட் ஆர்கனில் அதே சுழலும் சக்கரங்கள்தான் உள்ளங்கை அகலத்துக்கும் குறைவாகச் சுருங்கி உட்கார்ந்திருந்தன.

சக்கரங்களைச் சுருக்கியது வெற்றிடக் குழாய். ரேடியோ வால்வு என்று நம் பழைய மெக்கானிக்குகள் சொல்வார்களே, அதுதான். மூன்று மின்முனை கொண்ட வால்வு சிறிய சமிக்ஞையைப் பெரிதாக்கும். பெரிதானதில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப அதன் நுழைவாயிலுக்கே கொடுத்தால், அது தானாக அலையத் தொடங்கும். ஒரு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து அந்த அலைவின் வேகத்தைத் தீர்மானிக்கும். மின்தேக்கி என்பது எதிரெதிரே நிற்கும் இரண்டு கடத்திகள், அவ்வளவுதான். அவை நெருங்கினால் கொள்ளளவு, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், கூடும். கொள்ளளவு கூடினால் அலைவு வேகம் குறையும்.

தெரமினைக் கண்டுபிடித்த லெவ் தெர்மென் இதைக் கையில் வைத்துக்கொண்டு இசைக் கருவி செய்யப் புறப்படவில்லை. 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த அவர் இயற்பியலாளர், வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியமான செல்லோவும் படித்தவர். 1920-ல், அப்போது பெட்ரோகிராட் என்று அழைக்கப்பட்ட அதே நகரத்தில், ஆப்ரம் யோஃபே நடத்திய இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வாயுக்களின் மின் பண்புகளை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். மின்தேக்கியின் தகடுகளுக்கிடையே வாயுவை நிரப்பினால் கொள்ளளவு மிக மிகச் சிறிதாக மாறும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்டு அறிய ஹெட்போன் இணைத்தார். வாயு மாறியபோது ஒலி மாறியது. அவர் கையை நகர்த்தியபோதும் மாறியது. வேறொருவராக இருந்தால் அதை அளவீட்டுப் பிழை என்று எழுதிவைத்து, கருவிக்கு உலோக மறைப்புப் போட்டிருப்பார். செல்லோ தெரிந்த கை என்பதால், அந்தக் கை காற்றில் ஒரு மெட்டைத் தேடியது.

ஏன் கை நகர்ந்ததும் ஒலி மாறியது? மனித உடல் உப்புநீர் நிரம்பிய நல்ல கடத்தி. தரையில் நிற்கும் நாம் ஏறக்குறைய பூமியோடு இணைந்த ஒரு தகடு. கருவியிலிருந்து நிற்கும் உலோகக் கம்பி இன்னொரு தகடு. இடையில் உள்ள காற்றுதான் மின்தேக்கியின் நடுப்பகுதி. கை நெருங்கினால் கொள்ளளவு கூடும். இன்றைய கைபேசித் திரை விரலைக் கண்டுபிடிப்பதும் இதே வழியில்தான்.

ஆனால் இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. தெரமினின் மேதைமை அதைத் தாண்டிய விதத்தில் இருப்பதால், கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம். கை உண்டாக்கும் கொள்ளளவு மாற்றம் ஒரு பிக்கோஃபாரடுக்கும் (கொள்ளளவை அளக்கும் மிகச் சிறிய அலகு) குறைவு. அலையும் சுற்றில் ஏற்கெனவே 100 பிக்கோஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கை அதில் 0.3 சேர்க்கிறது. கொள்ளளவு 0.3 சதவீதம் கூடினால் அலைவு வேகம் அதில் பாதி, அதாவது 0.15 சதவீதம்தான் குறையும். சுற்று 440 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 440 தடவை, அலைந்துகொண்டிருந்தால், கை வந்ததும் அது 439.3 ஆகும். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களுக்கிடையே சுமார் 6 சதவீத வித்தியாசம் இருக்கிறது. 0.15 சதவீதத்தை வைத்து எந்தப் பாட்டும் பாட முடியாது.

அதனால் சுற்றை 440-ல் அலைய விடக்கூடாது, நொடிக்கு 3,00,000 தடவை அலைய விட வேண்டும். காதுக்கு எட்டாத, ரேடியோ அலைகளுக்குரிய அதிர்வெண் அது. இப்போது அதே 0.15 சதவீதம் என்றால் சுமார் 440. கை வந்ததும் சுற்று 2,99,560-க்கு இறங்குகிறது. பக்கத்தில் கையால் பாதிக்கப்படாத இன்னொரு சுற்று 3,00,000-லேயே நிற்கிறது. இரண்டையும் ஒரு வால்வில் கலக்கினால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அலைகளாகப் பிறக்கும். கூட்டல் இன்னும் உயரத்தில், காதுக்கு எட்டாத இடத்தில் போய்விடும். கழித்தல் 440. பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் ஸ்வரம் கேட்கிறது. கை இன்னும் நெருங்கிக் கொள்ளளவில் 0.6 சேர்த்தால் கழித்தல் 880 ஆகிறது, ஒரு ஸ்தாயி ஏறிவிட்டது! இரண்டு அலைகளை மோதவிட்டு வித்தியாசத்தை எடுக்கும் உத்தி ரேடியோக்காரர்களுக்கு முன்பே தெரியும். பெரிய எண்ணில் நிகழும் துளி மாற்றத்தைச் சிறிய எண்ணில் முழு ஸ்தாயியாக விரிக்க அதை இசைக்குள் கொண்டுவந்தது தெர்மெனின் வேலை.

நடைமுறையில் இதற்குள் பல தொல்லைகள் உண்டு. இரண்டு சுற்றுகளும் மிக நெருங்கிய வேகத்தில் அலையும்போது ஒன்றையொன்று இழுத்து ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். அப்போது வித்தியாசம் பூஜ்யம், கருவி ஊமை. பூட்டும் நிலைக்குச் சற்று முன்னால் அலையின் வடிவம் கோணலாகிறது. கீழ் ஸ்தாயியில் நல்ல தெரமினுக்கு இருக்கும் செல்லோ போன்ற கனத்த குரலுக்கு இந்தக் கோணலும் ஒரு காரணம். இன்னொரு தொல்லை, கம்பியை நெருங்க நெருங்கக் கொள்ளளவு கிடுகிடுவென ஏறுவது. அப்படியே விட்டால் தூரத்தில் ஸ்வரங்கள் அகலமாகவும் பக்கத்தில் மயிரிழை இடைவெளியிலும் இருக்கும். கம்பிக்கும் சுற்றுக்கும் நடுவில் நீளமான ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்து இதை ஓரளவு சமப்படுத்துகிறார்கள்.

வலக்கை சுருதியைப் பார்த்துக்கொள்கிறது. இடக்கை வேலை, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் வளையத்தின் மேல். கையை வளையத்துக்கு அருகே இறக்கினால் சத்தம் அடங்கும், தூக்கினால் எழும். இந்த இடக்கை இல்லாவிட்டால் தெரமின் ஓயாமல் ஊளையிடும். வலக்கை ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ள அத்தனையும் ஒலித்தே தீரும். இடக்கைதான் அதைத் துண்டாக்கி ஸ்வரங்களாக்க வேண்டும்.

1922-ல் கிரெம்ளினில் லெனினுக்கு இதை வாசித்துக் காட்டினார் தெர்மென். 1927-ல் அமெரிக்கா போனார், 1928-ல் அங்கே காப்புரிமை கிடைத்தது. மேற்கில் அவர் பெயர் லியோன் தெரமின் என்று வழங்கியது, கருவிக்கும் அதே பெயர். 1929-ல் அமெரிக்க ரேடியோ நிறுவனமான ஆர்சிஏ சுமார் 500 கருவிகளைச் செய்து விற்பனைக்கு விட்டது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்பதுபோல் விளம்பரம் செய்தார்கள். அது உண்மைக்கு நேர் எதிர். வயலினில் விரலுக்குக் கீழே நரம்பாவது இருக்கிறது. தெரமினில் கண்ணுக்கும் தோலுக்கும் எந்த அடையாளமும் கிடையாது, சரியான இடத்தைக் காது மட்டுமே சொல்லும். வாசிப்பவர் தலையை ஆட்டினால்கூடச் சுருதி விலகும். அந்த அக்டோபரில் பங்குச் சந்தையும் சரிந்தது. விற்பனை படுத்துவிட்டது.

கருவியை உண்மையில் காப்பாற்றியவர் கிளாரா ராக்மோர். 1911-ல் வில்னியூஸில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வயலினில் புகழ்பெற்றவர். எலும்பு வலுவிழந்ததால் வயலினைக் கைவிட வேண்டியதாயிற்று. தெரமினைத் தொட வேண்டியதில்லை, ஆனால் வயலின் பழகிய காது வேண்டும். அவர் காற்றிலேயே ஒரு விரல் முறையை உருவாக்கினார். முழங்கையை அப்படியே நிறுத்தி, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடிப்பார். அதோடு நிற்காமல், ஸ்தாயி போதவில்லை, இடக்கைக்குச் சத்தம் உடனே அடங்குவதில்லை என்று தெர்மெனிடம் சொல்லிக் கருவியையே மாற்ற வைத்தார். 1977-ல் வந்த அவருடைய இசைத்தட்டைக் கேட்டால், தெரமினைப் பேய்ப் படங்களுக்குப் பின்னணி ஊளையாக மட்டும் அறிந்தவர்களுக்குக் கருவி இதுதானா என்று சந்தேகம் வரும். ஹாலிவுட் இந்தக் கருவியைப் பயத்துக்கும் வேற்றுக்கிரகவாசிகளுக்கும் ஒதுக்கியது பெரிய அநியாயம்.

தெர்மென் 1938-ல் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பினார். 1939-ல் கைதாகி, கொலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கும் பிறகு சிறை ஆய்வுக்கூடத்துக்கும் போனார். சிறைக்காலத்தில் அவர் செய்த ஒன்று தெரமினின் உடன்பிறப்பு. 1945-ல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் சிறுவர்கள் ஒரு மரச் சின்னத்தைப் பரிசளித்தார்கள். அதற்குள் பேட்டரியோ கம்பியோ இல்லாத ஓர் ஒட்டுக்கேட்பான் இருந்தது. ஒரு சிறு உலோகக் குழி, அதன் வாயில் மெல்லிய சவ்வு. அறையில் பேச்சு எழும்போது சவ்வு அதிர்ந்து கொள்ளளவு மாறும். வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், திரும்பி வரும் அலையில் அந்தப் பேச்சு பதிந்திருக்கும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கைக்குப் பதில் குரல், மற்றபடி இயற்பியல் அதேதான்.

காற்றில் அடையாளமே இல்லை என்ற குறைக்குப் பாரிஸில் ஒரு விடை வந்தது. மொரீஸ் மார்த்தனோவும் செல்லோக்காரர், முதல் உலகப் போரில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். அவர் 1928-ல் அறிமுகப்படுத்திய ஓன்ட் மார்த்தனோ என்ற கருவியும் இரண்டு அலைகளின் வித்தியாசத்தில்தான் பாடுகிறது. ஆனால் விரலில் ஒரு மோதிரம், மோதிரத்தில் ஒரு நாடா, நாடாவுக்குக் கீழே விசைப்பலகை. பார்த்துப் பிடிக்கலாம், வழுக்கியும் போகலாம். இடக்கை ஒரு பொத்தானை அழுத்தும், அது கடத்தும் தூள் நிரப்பிய சிறு தோல் பையை நசுக்கும், அழுத்தத்துக்கேற்பச் சத்தம் எழும். இந்தப் பொத்தான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. வில்லை நரம்பில் அழுத்தும் உணர்வை மின்சாரத்துக்குக் கொடுத்தது அதுதான். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக இசையமைப்பாளர் மெஸ்ஸியான் ஆறு ஓன்ட் மார்த்தனோக்களுக்கு ஓர் இசைக்கோவையே எழுதினார்.

அப்புறம் அமெரிக்காவில் ராபர்ட் மூக். பள்ளி வயதிலேயே தெரமின் செய்யக் கற்று, 1950-களில் தந்தையோடு சேர்ந்து விற்கத் தொடங்கியவர். 1964-ல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சோடு சேர்ந்து அவர் செய்த சின்தசைசரில், மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் அந்தக் கருவியில், கையின் இடம் அடியோடு மாறியது. சுருதி, சத்தம், ஒலியின் நிறம் எல்லாவற்றையும் ஒரே வகை மின்னழுத்தம் ஆளும். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்த வோல்ட் எங்கிருந்து வந்தால் என்ன? விசைப்பலகையோ, நாடாவோ, இன்னொரு மெதுவான அலையோ தரலாம். மூக் விசைப்பலகையை வைத்தார், உலகமும் அதையே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா, பியானோ கட்டைகள் பழைய இசைக்குள்ளேயே இழுத்துப்போகும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகளைத் தன் கருவியில் பதித்தார். அந்தத் தகடுகளும் விரலை அறிந்தது உடலின் கொள்ளளவை வைத்துத்தான்.