பாலிகிராப்: இதுக்கு நல்ல தமிழ் என்ன?

போன வாரம் காலைல நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கு நடக்கப் போயிருந்தேன், அங்கன போலீஸ் செலக்சனுக்கு ஓடிப் பழகுற பயல் ஒருத்தன், 1500 மீட்டர் ஓடி முடிச்சு முழங்கால்ல கை ஊனி மூச்சு வாங்கிக்கிட்டே கேக்கான், "அண்ணே, அமெரிக்கால எங்க மாமா மவன் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டான், அவனுக்கு உண்மை கண்டறியும் சோதனை வச்சாங்களாம், நமக்கும் உண்டா?"ன்னு. முகத்துல நிஜமாவே பயம்.

நமக்குக் கிடையாது மக்கா. இங்க எழுத்துப் பரீட்சை, உயரம் அளக்குறது, ஓட்டம், கயிறு ஏறுறது, சர்டிபிகேட் பாக்குறது, மெடிக்கல், பின்ன உன்மேல கேஸ் ஏதும் இருக்கான்னு விசாரிப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அவன் சொன்ன அந்தப் பேரு இருக்கே, அதுதான் என் மனசுல கிடந்து உறுத்துது.

அந்தச் சோதனைக்கு இங்கிலீஷ்ல பேரு பாலிகிராப், அது கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லு. பாலின்னா பல, நம்ம பாலிடெக்னிக்ல வர்ற அதே பாலி. கிராப்னா எழுதுறது, வரையுறது, ஆட்டோகிராப்ல இருக்கது. ரெண்டையும் சேத்தா 'பலதை எழுதுறது', இதுல உண்மையும் இல்ல பொய்யும் இல்ல. 1803ல ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் பேடன்ட் வாங்குன பாலிகிராப், லெட்டருக்குக் காப்பி எடுக்குற ஒரு மேசைக் கருவி, நாம ஒரு பேனாவுல எழுத எழுத கூடவே கோத்திருக்க இன்னொரு பேனா அதையே இன்னொரு தாள்ல எழுதும், அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சன் இதை வச்சுத்தான் தன் கடிதத்துக்கெல்லாம் நகல் எடுத்தாரு. போலீஸ் கைக்கு வந்தது 1921ல, கலிபோர்னியா பெர்க்லி போலீஸ்ல இருந்த ஜான் லார்சன் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் ஒண்ணா பதியுற மாதிரி செஞ்சாரு.

இப்பவும் வேலை அதேதான். நெஞ்சுலயும் வயித்துலயும் ரப்பர் குழாய், கைல பிபி பாக்குற பட்டை, விரல்ல வேர்வைய அளக்க ரெண்டு தகடு. அசையாம இருக்கச் சொல்லி, போதை எடுத்திருக்கியா, திருடியிருக்கியா, விண்ணப்பத்துல எதையாவது மறைச்சியான்னு கேப்பாங்க. கோடு ஏறும், இறங்கும். அந்தக் கோடு படபடப்பைக் காட்டும், ஆனா பொய் சொன்ன படபடப்பா, வேலை கிடைக்கணுமேங்கிற படபடப்பான்னு கோட்டுக்குத் தெரியாது.

நம்ம சுசீந்திரத்துல முன்ன கைமுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில கைய முக்கணும், கை பொள்ளலைன்னா அவரு சுத்தம். திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல நிறுத்துனாங்க. நெய்யையும் மெசினையும் நான் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா உடம்புகிட்ட கேட்டா உண்மை தெரிஞ்சிரும்ங்கிற நம்பிக்கை ரெண்டுலயும் ஒண்ணுதான். இதுல 'கைமுக்கு' நேர்மையான பேரு, செய்யுறதை மட்டும் சொல்லுது. 'உண்மை கண்டறியும் சோதனை' அப்படி இல்ல, கண்டுபிடிச்சாச்சுன்னு பேருலயே தீர்ப்பு எழுதுது. பேப்பர்ல, மயக்க மருந்து குடுத்துப் பேச வைக்கிற நார்கோ ஊசிக்கும் இதே பேரைத்தான் போடுறாங்க, எது எதுன்னே தெரியாம போவுது. 'பொய் கண்டறியும் கருவி'யும் அதே தப்புதான்.

அதனால நான் சொல்றது பல்வரைவி. சோதனைக்குப் பல்வரைவிச் சோதனை. பல்லுன்னதும் வாய்ப்பல்லு ஞாபகம் வருமேன்னு கேப்பாங்க, பல்கலைக்கழகம்னு சொல்லும்போது யாருக்கு வருது? கிராப்புக்கு வரைவின்னு ஏற்கெனவே அறிவியல் தமிழ்ல புழங்குது.

பேருல என்ன இருக்குன்னு விட முடியாது. வேலைக்கு ஆள் எடுக்க இதை நம்புற அளவுக்குத் துல்லியம் இல்லைன்னு 2003லயே அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு அறிக்கை குடுத்துச்சு. அங்க உள்ள 1988 சட்டம் பெரும்பாலான தனியார் கம்பெனிகளுக்கு இதைத் தடுக்கு, அரசாங்கத்தைத் தடுக்கல, அதான் போலீஸ் வேலைக்கு இன்னும் வைக்காங்க. இங்க 2010ல செல்வி வழக்குல, சம்மதம் இல்லாம யாருக்கும் இந்தச் சோதனை வைக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இதையெல்லாம் அந்தப் பயல்கிட்டயும் சொன்னேன். "அப்ப மாமா மவன் பெயிலானா அவன் பொய்யன்னு அர்த்தம் இல்லையாண்ணே?"ன்னு கேட்டான். இல்ல மக்கா, கோடு ஏறியிருக்கு, அதைப் படிச்சவரு அப்படிப் படிச்சிருக்காரு.