பச்சை வரவில்லை என்றால் லேசரே வரவில்லை என்று யார் சொன்னது தம்பி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் கண் கிளினிக்குக்குப் போன வாரம் ஒரு பையன் வந்தான். இஞ்சினியரிங் மூன்றாம் வருடம், நெல்லிக்குப்பம் பக்கம், கூடவே அப்பா. "பஸ் போர்டு படிச்சா நடு எழுத்து காணாமப் போகுது சார்" என்றான். தூசி விழுந்திருக்கும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் பத்து நாள் விட்டிருக்கிறார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. இடது கண்ணில் கடைசி வரி வரை படித்தான், வலது கண்ணில் 6/36 என்ற பெரிய எழுத்து வரியைத் தாண்டவில்லை. கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தெரியாத இடத்தைப் பேனாவால் சுற்றச் சொன்னேன். சரியாக நடுவில் ஒரு சின்ன வட்டம் போட்டான். "தம்பி, லேசர் ஏதாவது நோண்டினியா?" என்றேன். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான்.

வீட்டிலேயே லேசர் செய்யப் போய்க் கண்ணைச் சுட்டுக்கொண்டு வந்தவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆன்லைனில் 808 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) லேசர் டயோடு ஒன்று, பச்சை லேசருக்கான சின்னக் கிரிஸ்டல் ஒன்று, மீதியைப் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பொறுக்கியிருக்கிறான். மொத்தம் மூவாயிரத்துக்குள் முடித்துவிட்டானாம், அதில் பெருமை வேறு. கிரிஸ்டல் சரியான கோணத்தில் உட்காராததால் பச்சை வெளிச்சம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று குனிந்து பார்த்திருக்கிறான். "லேசரே வரல சார், மங்கலா ஒரு சிவப்புதான் தெரிஞ்சது" என்று ஸ்கேன் படத்தைக் காட்டிய பிறகும் என்னிடம் வாதாடுகிறான்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் இதையே சொன்னார்கள். வெளிச்சம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவு என்ற கணக்கு ட்யூப் லைட்டுக்குச் சரி. 808 என்பது நம் கண் கிட்டத்தட்ட பார்க்கவே முடியாத அகச்சிவப்பு. ஒரு வாட் முழுதாகக் கொட்டினாலும் அணையப்போகும் கொள்ளி மாதிரிதான் தெரியும். இந்த 808-ஐ வாங்கிக் கிரிஸ்டல் முதலில் 1064 ஆக்கும், அதிலிருந்துதான் 532 பச்சை வரும்; அந்த 1064-உம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தெரியாத ஒளியையும் கருவிழியும் லென்சும் அப்படியே உள்ளே விட்டு, விழித்திரையில் ஊசி முனை அளவுக்குக் குவித்துத்தான் தரும், ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு அடர்த்தியாக. கூசும் வெளிச்சம் என்றால் கால் நொடியில் இமை தானாக மூடிக்கொள்ளும், 1 மில்லிவாட் பாயின்டரை ஓரளவு பாதுகாப்பானது என்று சொல்வதே அந்த இமையை நம்பித்தான். அகச்சிவப்புக்கு இமை மூடாது, ஏனென்றால் கூசவே இல்லையே! விழித்திரைக்கு வலியும் தெரியாது, வெந்தாலும் சத்தம் போடாது. இதில் பச்சை நன்றாகத் தெரியட்டும் என்று அறை விளக்கை வேறு அணைத்துவிடுகிறார்கள். இருட்டில் கண் பாப்பா 2 மில்லிமீட்டரிலிருந்து 7 வரை விரியும், அதாவது பன்னிரண்டு மடங்கு பெரிய வாசலைத் திறந்து வைத்துவிட்டு எதிரில் உட்காருகிறார்கள்.

நானும் லேசர்காரன்தான். சர்க்கரை நோயாளிகளுக்குத் தினமும் 532 நானோமீட்டர் பச்சையில் விழித்திரையைச் சுடுகிறேன். 200 மில்லிவாட், நொடியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான், வெள்ளையாக ஒரு பொட்டு விழும். நடுப்பகுதியான மாக்குலாவை விட்டுத் தள்ளியே சுடுவேன். அங்கே ஒரு பொட்டு விழுந்தால் எழுத்து போச்சு, முகம் போச்சு. இவன் அதே இடத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டான்.

"1960-லேயே மைமன் முதல் லேசரைச் செஞ்சிட்டாரே சார்" என்றான். செய்தார்தான், ரூபி கிரிஸ்டலில், 694 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. உன்னுடையது தெரியாதப்பா.

பழைய கேமரா ஃபிளாஷ் கெப்பாசிட்டரை வைத்து ராடு லேசர் (கிரிஸ்டல் குச்சியில் ஃபிளாஷ் அடித்து எழுப்பும் லேசர்) செய்கிறவர்களுக்கு: அதில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும், பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அது என் துறை இல்லை. இப்படி ஒரே வெட்டில் அடிக்கும் பல்ஸ் லேசர் என்றால் இமைக்கும் நேரமே கிடையாது என்பது மட்டும் என் துறை.

செய்யாதே என்றால் கேட்கப்போவதில்லை, இந்த வயதில் நானும் கேட்டதில்லை. சரி, பட்ஜெட்டில் முதல் வரியாக லேசர் பாதுகாப்புக் கண்ணாடியை எழுதுங்கள். மாட்யூலோடு இலவசமாக வரும் ஆரஞ்சுப் பிளாஸ்டிக் பச்சையைத் தடுக்கலாம், அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும். 532, 808, 1064 மூன்றும் ஃபிரேமில் அச்சாகியிருக்க வேண்டும், பக்கத்திலேயே OD (கண்ணாடி ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற எண்) அளவும். OD 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் விளக்கம் சொல்லாதீர்கள்.

அறை விளக்கு எரியட்டும். வாட்ச், மோதிரத்தைக் கழற்றுங்கள், மேசையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுங்கள், பட்டுத் திரும்பிவரும் கதிரும் கதிர்தான். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரத்தில் கதிர் போகவே கூடாது. கிரிஸ்டலைத் திருப்பும்போது கரண்டைக் குறைத்து வையுங்கள், குனிந்து பார்க்காமல் போனை ஸ்டாண்டில் வைத்துத் திரையில் பாருங்கள். 808 பல போன் கேமராக்களில் ஊதாவாகத் தெரியும், 1064-க்குக் கேமராவை நம்பாதீர்கள். அப்புறம், கதவைத் தாழ் போடுங்கள். தங்கச்சி எட்டிப் பார்ப்பாள்.

அந்தப் பையனுக்கு வீக்கம் வடிந்தால் இரண்டு வரி கூடுதலாகப் படிக்கலாம். செத்த செல் திரும்பாது, இதைக் குணமாக்க நிரூபணமான மருந்தும் இல்லை. அவன் அப்பா வெளியே போனவர் மறுபடி உள்ளே வந்து, "கண்ணாடி போட்டா சரியாயிடுமா சார்?" என்று கேட்டார்.

யாருக்காவது பட்டுவிட்டால், பட்டது போல் சந்தேகம் வந்தாலும், மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்காமல் அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போங்கள். மாட்யூலையும் கொண்டுபோங்கள், அதில் எழுதியிருக்கும் எண்கள் எங்களுக்கு வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு. போன வருடம் ஒருவன் என் மேசையிலேயே ஆன் செய்து காட்டப் பார்த்தான்.