பத்தாவதில் தவறிய பையனின் மூளையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

கார்த்திகையில் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போனால் மல்லித் தோட்டங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். காய்ந்த குச்சி, நோய் விழுந்த கிளை எல்லாவற்றையும் கழித்து, செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணி விட்டிருப்பார்கள். மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ விலை ஏறுகிற பருவம் அது. ஆனாலும் வெட்டித்தான் ஆக வேண்டும். புதுத் துளிரில்தான் மல்லி மொட்டு வைக்கும்.

பதினைந்து வயதுப் பையனின் தலைக்குள்ளும் ஏறக்குறைய இதே வேலைதான் நடக்கிறது. சிறு வயதில் மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளைப் போட்டு வைக்கிறது. அப்புறம், அடிக்கடி பயன்படுவதை வலுவாக்கி, பயன்படாததைக் கழித்துவிடுகிறது. நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்புறையும் சுற்றப்படுகிறது. உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் போகும் செய்தி, தடித்த உறை போட்ட இழையில் நூறு மீட்டரைக்கூட எட்டும்.

இந்த வேலை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. பார்வை, தொடுதல், கைகால் அசைவு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகள் முதலில் முடிகின்றன. திட்டமிடுவது, ஆசையை அடக்குவது, நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிப்பது எல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் பொறுப்பு, அது கடைசி. நம் பொதுத்தேர்வோ சரியாக இந்த வேலையின் நடுவில் வந்து நிற்கிறது. (25 வயதில் மூளை வளர்ந்து முடிந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அப்படி ஒரு பிறந்தநாள் மூளைக்குக் கிடையாது. மாற்றம் அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும்.)

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கால அட்டவணையும் இல்லை. அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மூளையை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நுண்ணறிவுத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு), மற்றவர்களுடையதைவிடத் தாமதமாகவே உச்சத் தடிமனை எட்டியிருந்தது. இதை வைத்து, தாமதமானவன் எல்லாம் மேதை என்று கிளம்பிவிடக் கூடாது. அடுத்த ஆண்டு அதே குழு கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த குழந்தைகளைப் பார்த்தது. அவர்களிடமும் சுமார் மூன்று ஆண்டு தாமதம் இருந்தது. தாமதம் என்பதை மட்டும் வைத்து ஒருவனைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கும் இதில் சேதி உண்டு. ஏறத்தாழ 50,000 பேரைச் சோதித்து 2015-இல் வந்த ஆய்வின்படி, தகவலை வேகமாகக் கையாளும் திறன் இருபதை ஒட்டி உச்சம் தொடுகிறது. அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனசைப் படிக்கும் திறனோ நாற்பதுக்கு மேலும் உச்சத்தில் நிற்கிறது.

அப்படியானால் சும்மா காத்திருந்தால் போதுமா? போதாது. எந்த இணைப்பு தங்கும் என்பதில் புழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பையன் எதைச் செய்து பழகுகிறான், யார் பக்கத்தில் நின்று பழகுகிறான் என்பது அதனால்தான் முக்கியம்.

மதுரை செல்லூரில் எனக்குத் தெரிந்த மோட்டார் வைண்டிங் கடைக்காரர் ஒருவர் பத்தாவதில் இரண்டு முறை தவறியவர். முப்பது தாண்டித்தான் தொழில் பிடிபட்டது என்பார். அவரிடம் சேரும் பையனுக்கு முதலில் ஒரே வேலைதான்: எரிந்துபோன காயிலை உருவி, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் (காயில் உட்காரும் பள்ளம்) எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று நோட்டில் எழுத வேண்டும். அது சரியாக வந்தால் ஸ்லாட்டுக்குள் மின்கசிவைத் தடுக்கும் லெதராய்டு பேப்பர் வைப்பது. அப்புறம் புதுக் காயிலை இறக்குவது. கனெக்‌ஷன் மட்டும் அவரே கொடுப்பார். கடைசியில் அதையும் பையனிடம் விட்டுவிட்டு, பக்கத்து ஸ்டூலில் டீயோடு உட்கார்ந்துகொள்வார். தடுமாறினால் ஒரு சொல். அதற்கும் தேறவில்லை என்றால்தான் கை நீளும்.

1976-இல் உட், புரூனர், ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் கோபுரம் கட்டவைத்து, சொல்லிக்கொடுப்பவர் என்னென்ன செய்கிறார் என்று விவரித்தார்கள். வேலையைச் சிறிதாக்குவது, கவனம் சிதறாமல் பிடித்து வைப்பது, எது சரியில்லை என்று காட்டுவது. செல்லூர்க்காரர் செய்வதும் இதுதான். பிள்ளை தேறத் தேற உதவியைக் குறைப்பதுதான் இதில் கஷ்டமான பாடம், அதுவும் சொல்லிக்கொடுப்பவருக்கு! பாதி அப்பாக்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கட்டி முடித்த மோட்டாரை நேராக லைனில் போடாமல், சீரிஸ் லேம்ப் (மோட்டாரோடு தொடராக இணைக்கும் பல்பு) வைத்துத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு நாள் பையன் கூட்டாளிகள் நிற்கிற ஜோரில் நேராகச் சுவிட்சைத் தட்டிவிட்டான்; காயில் புகைந்தது. தனியாக இருக்கும்போது ஒருநாளும் அப்படிச் செய்யாதவன். 2005-இல் கார்டனர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கார் ஓட்டும் கணினி விளையாட்டில் கண்டதும் இதைத்தான்: கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் பதின்வயதினர் அதிகம் துணிகிறார்கள், 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை.

கடைக்காரருக்கு அந்த ஆய்வு தெரியாது. பையனை வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை. டெஸ்டிங்கை மட்டும் காலை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டார். கூட்டாளிகள் எழுந்து வருவதற்கே பத்தாகிவிடும்.